கழிவ வித்துட்டா அது சர்க்குலர் எக்கானமி ஆயிடுமா? கடலூர்ல இருந்து கொஞ்சம் நீளமான பதில்

பாண்டிச்சேரில கெமிக்கல் இன்ஜினியரிங் படிக்கிற தம்பி ஒருத்தர் கேட்டிருந்தாரு. அவர் கேள்வி சுருக்கமா இது: "இண்டஸ்ட்ரியல் எக்காலஜி, சர்க்குலர் எக்கானமின்னு பாடத்துல வருது. உதாரணம்னு கேட்டா டென்மார்க்ல ஒரு ஊர மட்டும்தான் திரும்பத் திரும்ப சொல்றாங்க. கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில அதே மாதிரி பண்ண முடியுமா? அதுல ஸ்டார்ட்அப் ஆரம்பிக்க வழி இருக்கா? இல்ல ரீசைக்கிளிங்குக்குத்தான் புதுப் பேர் வச்சிருக்காங்களா?"

நான் சர்க்கரை ஆலை பாய்லர், அப்புறம் ஈடிபி (கழிவுநீர் சுத்திகரிப்பு), அதுக்கப்புறம் சின்ன கம்பெனிங்களுக்கு கன்சல்டிங்னு இந்த மாவட்டத்துக்குள்ளயே சுத்திட்டிருக்கிற ஆளு, அதனால பாடமா சொல்லாம இங்க பாத்தத வச்சே சொல்றேன். சர்க்குலர் எக்கானமின்னா பொருள குப்பையாக்காம திரும்பத் திரும்ப சுழற்சியில வச்சிருக்கிறது, பின்னாடி நான் வட்டம்னு சொல்றதும் அதத்தான். ஒரே வரியில பதில் வேணும்னா: ஒரு பொருள் கலக்காம தனியா இருக்கிற வரைக்கும்தான் அதுக்கு விலை, கலந்த நிமிஷத்துல அது கழிவு, அதுக்கப்புறம் எந்த டெக்னாலஜி வந்தாலும் காசு செலவுதான். இந்த ஃபீல்டுல ஜெயிச்ச கதை, தோத்த கதை எல்லாத்தையும் தோண்டிப் பாருங்க, அடியில இதுதான் இருக்கும்.

மொதல்ல அந்த டென்மார்க் ஊர முடிச்சிடலாம். கலுண்ட்போர்க். 1961ல அங்க வந்த எண்ணெய் ரீஃபைனரிக்கு நிலத்தடி தண்ணி பத்தாதுன்னு டிஸ்ஸோங்கிற ஏரியில இருந்து பைப் போட்டாங்க, ஆரம்பமே அதுதான். 1972ல ரீஃபைனரியில சும்மா கொளுத்திவிட்டுட்டிருந்த கேஸ பக்கத்துல இருந்த ஜிப்சம் போர்டு கம்பெனி வாங்கிக்கிச்சு. அப்புறம் பவர் பிளான்ட்டோட ஸ்டீம் ரீஃபைனரிக்கும் இன்சுலின் கம்பெனிக்கும் போச்சு, இன்சுலின் பண்ணி மிஞ்சுன ஈஸ்ட் பன்னித் தீவனமாச்சு, 1993ல இருந்து பவர் பிளான்ட் புகையில கந்தகத்த பிடிக்கும்போது வர்ற ஜிப்சம் அதே போர்டு கம்பெனிக்குப் போச்சு. யாரும் உக்காந்து மாஸ்டர் பிளான் போடல, ரெண்டு ரெண்டு கம்பெனியா காசுக் கணக்கு பாத்து போட்ட ஒப்பந்தம்தான், சின்ன ஊரு, மேனேஜர்ங்களுக்கு ஒருத்தர ஒருத்தர் தெரியும், அவ்ளோதான். இதுக்கு ஒரு தியரி இருக்குன்னே 80கள் கடைசியிலதான் வெளிய தெரிஞ்சது. 1989ல ஜெனரல் மோட்டார்ஸ்ல ஆராய்ச்சி பண்ணிட்டிருந்த ஃப்ராஷ், கல்லோபூலோஸ்னு ரெண்டு பேர், ஒரு ஆலையோட கழிவு இன்னொண்ணுக்கு மூலப்பொருளா ஆகிற மாதிரி தொழில அமைக்கணும்னு எழுதுன கட்டுரையில இருந்துதான் இந்தத் துறை பிரபலமாச்சு.

கலுண்ட்போர்க்க பத்தி பேசுற எல்லாரும் படம் போட்டு அம்புக்குறி வரைவாங்க, ஆனா கவனிக்க வேண்டியது வேற, ஒவ்வொரு பைப்புலயும் ஒரே ஒரு பொருள்தான் ஓடுச்சு. ஸ்டீம்னா ஸ்டீம் மட்டும், ஜிப்சம்னா ஜிப்சம் மட்டும். வாங்குறவனுக்கு என்ன வருதுன்னு தெரியும், நாளைக்கும் அதேதான் வரும்னும் தெரியும். இது இல்லாம மத்த எதுவும் நடந்திருக்காது.

இத விட நமக்குப் பக்கத்துலயே நல்ல உதாரணம் இருக்கு, அத ஏன் பாடத்துல வைக்க மாட்டேங்குறாங்கன்னு எனக்கு கொஞ்சம் ஆதங்கம் உண்டு. ஈரோடு பக்கம் பள்ளிபாளையத்துல சேஷசாயி பேப்பர் மில், பக்கத்துலயே பொன்னி சுகர்ஸ். சர்க்கரை ஆலையோட சக்கை பேப்பருக்கு, பேப்பர் மில்லோட சுத்திகரிச்ச தண்ணி சுத்தி இருக்கிற கரும்பு வயலுக்கு, அந்தக் கரும்பு திரும்ப ஆலைக்கு. சூரன் எர்க்மன், ரமேஷ் ராமசாமி ரெண்டு பேரும் இத, திருப்பூர் சாயப்பட்டறை, தமிழ்நாட்டு தோல் தொழில் எல்லாத்தையும் சேத்து விரிவா ஆராய்ஞ்சு எழுதியிருக்காங்க. தேடிப் படிங்க, இந்தியாவுக்கு ஏத்த இண்டஸ்ட்ரியல் எக்காலஜின்னா என்னன்னு அதுல இருந்துதான் புரியும்.

இப்ப நம்ம ஊர். நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலை 1842ல ஆரம்பிச்சது. பொதுவா எந்த சர்க்கரை ஆலையா இருந்தாலும் கணக்கு ஏறக்குறைய ஒண்ணுதான்: ஒரு டன் கரும்பு உள்ள போனா சர்க்கரையா வெளிய வர்றது 90-100 கிலோ. சக்கை 280-300 கிலோ, மொலாசஸ் (சர்க்கரை எடுத்து மிஞ்சுற கறுப்புப் பாகு) 40-45 கிலோ, பிரஸ்மட் (சாற வடிகட்டுனா தங்குற சேறு) 30-40 கிலோ, மீதியெல்லாம் தண்ணி. அதாவது சர்க்கரை ஆலைங்கிறது எடை கணக்குல பாத்தா சக்கை ஆலைதான், சர்க்கரைதான் அதோட பைப்ராடக்ட்.

கடைசி மில்லுல இருந்து கன்வேயர்ல வர்ற சக்கைய கையில எடுத்தா வெதுவெதுன்னு இருக்கும், பாதிக்குப் பாதி ஈரம். அந்த ஈரத்தோடதான் பாய்லருக்குப் போகும். மழைக்காலத்துல சேத்தோட வெட்டிட்டு வர்ற கரும்பா இருந்தா சக்கையோட மண்ணும் சேந்து வரும், அன்னிக்கு பாய்லர்காரங்க மூஞ்சியே சரியா இருக்காது, ஏன்னா மண்ணு உருகி அடுப்போட கிரேட்ல (கம்பித் தட்டு) கட்டி கட்டியா இறுகும், ஸ்டீம் பிரஷர் எறங்கும், டியூப் வேற அரிக்கும். சக்கை அதே சக்கைதான், கொஞ்சம் மண்ணு கலந்துச்சு, எரிபொருள் தலைவலியா மாறிடுச்சு.

இன்னொரு வேடிக்கை. பழைய காலத்து லோ பிரஷர் பாய்லருங்கள நல்லா ஓட்டணும்னு யாருக்கும் ஆசையே இருக்காது. நல்லா ஓட்டுனா சக்கை மிஞ்சும், மிஞ்சுனா எங்க கொட்டுறது, வெயில்ல தீப்பிடிச்சா என்ன பண்றது, அதனால சுமாரா எரிச்சு எல்லாத்தையும் காலி பண்றதே நல்லதுன்னு இருந்தாங்க. அப்புறம் 67, 87, 110 ஏடிஏ (அழுத்த அளவு)ன்னு ஹை பிரஷர் பாய்லர் வந்துச்சு, அதே சக்கையில ஆலைக்கு வேணும்கிற கரண்ட் போக மிச்சம் கிரிட்டுக்கு. இதுல இன்னோவேஷன் எது? பாய்லர்னு சொல்லுவீங்க. பாதிதான் சரி. ஆலையில தயாரிக்கிற கரண்ட மின்வாரியம் இந்த விலைக்கு வாங்கிக்கும்னு ஒரு காகிதம் கையெழுத்தானது மீதிப் பாதி, அது இல்லாம எந்த முதலாளியும் அந்த பாய்லர வாங்கியிருக்க மாட்டான். கரூர் டிஎன்பிஎல் பேப்பர் மில் 1984ல உற்பத்தி ஆரம்பிச்சப்பவும் இதே மாதிரிதான், சர்க்கரை ஆலைங்க கிட்ட "சக்கைய எங்களுக்குக் குடு, அதுக்கு பதிலா உனக்கு வேணும்கிற ஸ்டீமுக்கு நாங்க எரிபொருளும் பாய்லரும் பாத்துக்கிறோம்"னு பண்டமாற்று. இப்ப சக்கைக்கு ரெண்டு பக்கமும் போட்டி. பேப்பருக்கா கரண்டுக்கான்னு விலை பேசுற பொருள கழிவுன்னு யார் சொல்லுவா?

மொலாசஸ் டிஸ்டிலரிக்குப் போகுது, அங்க ஒரு லிட்டர் ஆல்கஹாலுக்கு 8ல இருந்து 15 லிட்டர் வரைக்கும் ஸ்பென்ட் வாஷ்ங்கிற கழிவுத் தண்ணி வரும். கறுப்புக் காப்பி கலர், சூடா, ஆசிட் தன்மையோட, பிஓடி (அழுக்க நுண்ணுயிர் சிதைக்க வேணும்கிற ஆக்சிஜன் அளவு) லிட்டருக்கு 40,000 மில்லிகிராமுக்கு மேல. வீட்டு சாக்கடை 200, 300தான் இருக்கும்னு வச்சு ஒப்பிட்டுப் பாத்துக்கோங்க. இத டைஜஸ்டர்ல (காத்து புகாத நொதிக்கிற தொட்டி) போட்டா மீத்தேன் கெடைக்கும், ஆனா கலர் போகாது, அதனால பிரஸ்மட்டோட சேத்து கம்போஸ்ட் பண்ணுவாங்க, இல்லன்னா கெட்டியாக்கி இன்சினரேஷன் பாய்லர்ல எரிப்பாங்க. எரிச்ச சாம்பல்ல பொட்டாஷ் இருக்கு. எங்க இருந்து வந்துச்சு அந்த பொட்டாஷ்? கரும்பு மண்ணுல இருந்து உறிஞ்சுனது, விவசாயி காசு குடுத்து மூட்டையா வாங்கிப் போட்டது. நாம பொட்டாஷ் உரத்துக்கு கிட்டத்தட்ட முழுக்க இறக்குமதிய நம்பி இருக்கிற நாடு. 2021ல மொலாசஸ்ல இருந்து எடுக்கிற 14.5 சதவீத பொட்டாஷ் உரத்த மத்திய அரசு மானியப் பட்டியல்ல சேத்துச்சு, அதுக்கப்புறம்தான் டிஸ்டிலரிங்க அந்த சாம்பல குப்பை மாதிரி பாக்குறத நிறுத்துனாங்க. வயல்ல இருந்து போனது வயலுக்கே திரும்புறது, இந்த மாவட்டத்துல நான் பாத்த வட்டத்துலயே உருப்படியானது இதுதான்.

ஏன் சர்க்கரையில இவ்வளவு சுலபமா நடக்குது? ஒரே செடி, ஒரே காம்பவுண்டு, பெரும்பாலும் ஒரே முதலாளி. உள்ள என்ன இருக்குன்னு ரகசியமே கிடையாது. ஆனா ஆலை நின்னா எல்லாம் நிக்கும். பாண்டிச்சேரி லிங்காரெட்டிப்பாளையம் கூட்டுறவு ஆலைய பாருங்க, மூடுனதுக்கப்புறம் சக்கையும் இல்ல, பிரஸ்மட்டும் இல்ல, கரும்பு போட்டவங்க வேற ஆலைக்கு லாரி வாடகை குடுத்துட்டு இருந்தாங்க. வட்டத்துல ஒரு கண்ணி போனா மத்ததும் போகும், இத யாரும் பிரசன்டேஷன்ல போட மாட்டாங்க.

நெய்வேலி கதை இன்னும் சுவாரசியம். 1930கள்ல ஜம்புலிங்க முதலியார் நிலத்துல கிணறு தோண்டுனப்ப கறுப்பா வந்ததுல தொடங்கி, 1956ல என்எல்சி கம்பெனி வந்து, அப்ப போட்ட பிளான பாத்தா அசந்துடுவீங்க. சுரங்கம், அதுல இருந்து லிக்னைட்ங்கிற பழுப்பு நிலக்கரி, லிக்னைட்ல கரண்ட், அதோட யூரியா ஃபாக்டரி, லிக்னைட்ட கட்டியாக்கி கரியாக்குற பிளான்ட், அந்தக் கரிதான் லெக்கோ. நம்ம அம்மா, பாட்டி காலத்துல விறகடுப்புக்கு பதிலா லெக்கோ போட்டு எரிச்சவங்க இன்னும் இருக்காங்க, கேட்டுப் பாருங்க. லிக்னைட்டுக்கு மேல இருக்கிற மண்ணுல வெள்ளைக் களிமண் அடுக்கு ஒண்ணு வரும், அதக் கழுவி எடுக்க தனி பிளான்ட், விருத்தாசலத்துல பீங்கான் தொழில் வளந்ததுக்கு இந்தக் களிமண்ணும் ஒரு காரணம், அங்க செராமிக்குக்குன்னே அரசு இன்ஸ்டிடியூட் இருக்கு. கலுண்ட்போர்க்ல ஏரித் தண்ணிக்கு பைப் போட்டிட்டிருந்த அதே காலத்துல இங்க இதெல்லாம் நடந்திருக்கு, பேர்தான் வைக்கல. யூரியாவும் லெக்கோவும் இப்ப இல்ல, பழைய டெக்னாலஜி, கட்டுபடியாகல, மூடிட்டாங்க.

களிமண் விஷயத்துல கவனிங்க. பூமி ஏற்கனவே அடுக்கு அடுக்கா பிரிச்சு வச்சிருந்தது. செம்மண் தனி, களிமண் தனி, மணல் தனி. பிரம்மாண்டமான சக்கர மெஷின் வச்சு மொத்தமா வெட்டி ஒரே மேட்டுல கொட்டுனா அது வெறும் மண்மேடு. அடுக்கு பாத்து எடுத்தா சரக்கு. இப்ப அந்த மண்மேட்டுல இருந்து கட்டுமானத்துக்கு மணல் பிரிச்சு எடுக்குறாங்க, நல்ல வேலைதான், ஆத்து மணல் மேல இருக்கிற பாரம் கொஞ்சம் கொறையும். ஆனா கலந்து கொட்டுனத திரும்பப் பிரிக்கிற செலவு அது.

சாம்பலும் அப்படித்தான். புகையில இருந்து இஎஸ்பிங்கிற தூசி பிடிக்கிற மெஷின் பிடிக்கிற ஃப்ளை ஆஷ காஞ்ச பொடியா சைலோவுக்கு ஏத்துனா சிமென்ட் கம்பெனி பல்கர் லாரிய கொண்டாந்து நிறுத்தி எடுத்துட்டுப் போவான். அதே பொடிய தண்ணி ஊத்தி குழம்பாக்கி சாம்பல் குளத்துக்கு அனுப்புனா அதுக்கப்புறம் ரோட்டுக்கு மண்ணு ரொப்பறதுக்குத்தான் ஆகும், அதுவும் லாரி வாடகைய நீங்க குடுத்தா. நெய்வேலி சாம்பல்ல சுண்ணாம்புச் சத்து அதிகம், தண்ணி பட்டாலே தானா இறுகுற குணம் உண்டு, அதனாலதான் சுத்துவட்டாரத்துல சாம்பல் செங்கல் சூளை, அதாவது சூளையே இல்லாத செங்கல், அவ்வளவு பேர் போடுறாங்க. ஈரமாயிடுச்சுன்னா அந்த குணம் குளத்துலயே செலவாயிடும். அரசாங்கம் 1999லயே ஃப்ளை ஆஷுக்கு நோட்டிஃபிகேஷன் போட்டுச்சு, 2021 டிசம்பர் கடைசியில வந்த புதுசுல முழுசையும் பயன்படுத்தணும், இல்லன்னா டன்னுக்கு 1,000 ரூபாய் கட்டணும்னு வந்திருக்கு. அபராதம்னு வந்தப்புறம்தான் காஞ்ச சாம்பல் மேல எல்லாருக்கும் பாசம் வந்துச்சு.

ஆனா இதுல ஒரு பொறி இருக்கு, மாட்டிக்காதீங்க. சாம்பல் விக்குது, ஜிப்சம் விக்குதுங்கிறத காரணம் காட்டி நிலக்கரிய எரிக்கிறத நியாயப்படுத்த முடியாது. கலுண்ட்போர்க் பவர் பிளான்ட்டே 2019 வாக்குல நிலக்கரிய விட்டுட்டு மரத்துண்டுக்கு மாறிடுச்சு, அதோட ஜிப்சம் வரத்தும் நின்னுச்சு. நெய்வேலியில முதல் அனல்மின் நிலையத்த 2020ல மூடுனாங்க. கழிவ நம்பி தொழில் ஆரம்பிக்கிறவன் அந்தக் கழிவோட ஆயுச மொதல்ல கேக்கணும். அப்புறம் அம்புக்குறி படத்துல வராத விஷயமும் இருக்கு. சுரங்கத்துக்கு அடியில அழுத்தத்தோட இருக்கிற ஊத்துத் தண்ணிய பம்ப் பண்ணி எறக்கலைன்னா சுரங்கத் தரையே தூக்கிடும், அந்தத் தண்ணிய மின்நிலையத்துக்கும் வயலுக்கும் சென்னைக்கும் குடுத்தாங்க, பாத்தா அழகான வட்டம். ஆனா சுத்தி இருக்கிற கிராமத்துல கேட்டா "எங்க போர்ல தண்ணி எறங்கிடுச்சு"ம்பாங்க. 2023 ஜூலையில வளையமாதேவி கிராமத்துல கதிர் வர்ற நேரத்துல நெல்லு வயல்ல மெஷின விட்டு சுரங்கத்துக்காக வாய்க்கால் வெட்டுனத மறக்க முடியுமா? நிலம் எங்க இருந்து வந்துச்சுன்னு கேக்காத மெட்டீரியல் ஃப்ளோ படம் பாதிப் படம்தான்.

சரி, நீங்க கேட்ட சிப்காட். உப்பனாறு ஓரமா, குடிகாடு, ஈச்சங்காடு, செம்மங்குப்பம் பக்கம். 2009ல மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தொழில் பகுதிங்களுக்கு போட்ட சிஇபிஐங்கிற மாசு மதிப்பெண்ல கடலூர் 77.45. 70க்கு மேல போனாலே மோசமான பட்டியல். இங்க உள்ளது பெரும்பாலும் மருந்து மூலப்பொருள், சாயம், பூச்சிமருந்து மாதிரி பேட்ச் பிராசஸ் கம்பெனிங்க. பேட்ச்னா இந்த மாசம் ஒரு மாலிக்யூல், அடுத்த மாசம் வேற, அதனால கழிவும் மாசத்துக்கு மாசம் மாறும். உள்ள என்ன இருக்குன்னு பக்கத்து கம்பெனிகிட்ட சொன்னா அவன் பிராசஸையே ஊகிச்சிடுவான்னு பயம், அதனால சொல்ல மாட்டாங்க. எல்லாரோட தண்ணியும் ஒரே பொதுப் பைப்புல சேந்தப்புறம் அதுல இருந்து எதையாவது மீட்டெடுக்கிறதுன்னா பாயாசத்துல கொட்டுன உப்ப திரும்ப எடுக்குற கதைதான்.

ஜீரோ லிக்விட் டிஸ்சார்ஜ்னு, அதாவது கழிவுத் தண்ணி ஒரு சொட்டும் வெளிய விடாத முறைன்னு சொல்லுவாங்களே, அதையும் கொஞ்சம் உள்ள போய் பாருங்க. ஆர்ஓ, எம்இஇ (பல அடுக்கு ஆவியாக்கி), ஏடிஎஃப்டி (மிஞ்சுறத பொடியா காய வைக்கிற மெஷின்)ன்னு வரிசையா போட்டு, ஸ்டீம கொட்டி தண்ணிய ஆவியாக்கி திரும்ப எடுத்துக்கிறாங்க. தண்ணி வந்துடும். கடைசி மெஷின்ல இருந்து சுரண்டிட்டு வர்ற உப்பு? சோடியம் குளோரைடு, சல்ஃபேட்டு, அதோட ஆர்கானிக்னு எல்லாம் சேந்த பழுப்புக் கலர் பொடி, காத்துல இருக்கிற ஈரத்த இழுத்துக்கிட்டு மூட்டையிலயே கசியும், ஷெட்டுல அடுக்கி வச்சிட்டு கும்மிடிப்பூண்டி லேண்ட்ஃபில்லுக்கு (கழிவ புதைக்கிற இடம்) அனுப்ப காசு குடுக்கணும். திருப்பூர்ல 2011 ஹைகோர்ட் உத்தரவுக்கு அப்புறம் இதே ஜீரோ டிஸ்சார்ஜ்தான் வந்துச்சு, ஆனா அங்க பெரும்பாலான பட்டறையில சாயத்துக்குப் போடுறது ஏறக்குறைய ஒரே உப்பு, அதனால உப்புக் கரைசலையே திரும்ப சாயத்தொட்டிக்கு ஊத்த முடிஞ்சது, கிளாபர் சால்ட்ட கிரிஸ்டலா எடுக்கவும் முடிஞ்சது. மெஷின் அதே மெஷின்தான். ஒரு இடத்துல சரக்கு கெடைச்சது, இன்னொரு இடத்துல மூட்டைதான் மிஞ்சுச்சு.

அப்ப சிப்காட்ல ஒண்ணுமே பண்ண முடியாதான்னா, முடியும், ஆனா கேட்டுக்கு வெளிய இல்ல, ரியாக்டர் பக்கத்துலயே. டொலுயீன், மெத்தனால் மாதிரி சால்வென்ட்ட (கரைப்பான்) பேட்ச் முடிஞ்ச உடனே தனித்தனி டேங்க்ல பிடிச்சா டிஸ்டில் பண்ணி அதே பிராசஸுக்கு விடலாம், நல்லா நடத்துற கம்பெனிங்க பண்ணிட்டுத்தான் இருக்காங்க. ஒரு பம்ப்பும் ஒரு டேங்க்கும் மிச்சம் பிடிக்கணும்னு ரெண்டு சால்வென்ட்ட ஒண்ணா சேத்துட்டாங்கன்னா கதை முடிஞ்சுது, அப்புறம் அரியலூர் சிமென்ட் சூளையில (கில்ன்) எரிக்கத்தான் அனுப்பணும். எரிக்கிறதும் ஒரு பயன்பாடுதான், 1,400 டிகிரிக்கு மேல இருக்கிற சூளை லேண்ட்ஃபில்ல விட பல மடங்கு மேல், ஆனா அத வட்டம்னு சொல்றது கொஞ்சம் ஓவர். ஸ்பென்ட் ஆசிட் (பயன்படுத்தி முடிச்ச ஆசிட்) மாதிரி ஒரு கம்பெனி கழிவ இன்னொரு கம்பெனி மூலப்பொருளா வாங்கணும்னா 2016 அபாயக் கழிவு விதிகள்ல ரூல் 9 அதுக்குன்னே இருக்கு, வாரியத்துகிட்ட அனுமதி வாங்கி, எஸ்ஓபி (எழுதி வச்ச செய்முறை)படி பண்ணலாம். பேப்பர் வேலை ஜாஸ்தி, ஆனா நியாயமான பேப்பர் வேலை.

ஏன் நியாயம்னு சொல்றேன்னா நீல டிரம்ம பாருங்க. நம்ம பக்கம் தண்ணி பிடிச்சு வைக்க நீலக்கலர் பிளாஸ்டிக் டிரம் இல்லாத வீடு கொறைவு. ரோட்டோரத்துல அடுக்கி வச்சு விப்பாங்க, புதுச விட பாதி விலை. அதுல பல டிரம் ஏதோ ஒரு கம்பெனியில கெமிக்கல் வந்து எறங்குன டிரம்தான். ஸ்டிக்கர கிழிச்சிருப்பாங்க, பசை மட்டும் ஒட்டியிருக்கும், மூடிய திறந்து மோந்து பாத்தா சோப்புத் தண்ணி வாசனை, அதுக்கு அடியில இன்னொரு வாசனை. விதிப்படி கெமிக்கல் ஒட்டியிருக்கிற காலி டிரம் அபாயக் கழிவு, அட்டவணையில 33.1ன்னு அதுக்குத் தனி நம்பரே இருக்கு, அனுமதி உள்ளவன் மட்டும்தான் கழுவி சுத்தம் பண்ணி விக்கலாம். சர்க்குலர் எக்கானமி அளவுகோல வச்சுப் பாத்தா இந்த டிரம்முக்கு நூத்துக்கு நூறு, உருக்கல, எரிக்கல, அப்படியே மறுபயன்பாடு. ஆனா உள்ள என்ன இருந்துச்சுங்கிற தகவல ஸ்டிக்கரோட கிழிச்சுப் போட்டுட்டாங்க. தகவல் கூட வராத சுழற்சி விஷத்தத்தான் சுத்தி விடும். தயவு செஞ்சு குடிக்கிற தண்ணிக்கு மட்டும் அந்த டிரம்ம வாங்காதீங்க, எத்தன தடவ கழுவுனாலும் சரி.

நல்ல கதை ஒண்ணும் சொல்லிடுறேன், பண்ருட்டி முந்திரி. முந்திரிக்கொட்டை ஓட்டுல கால் பங்குக்கு மேல எண்ணெய் இருக்கு, தோல்ல பட்டா பொத்துப் போயிடும், கொட்டை உடைக்கிற அக்காங்க விரல பாத்திருப்பீங்க, சாம்பல தடவிக்கிட்டு உடைப்பாங்க, அப்படியும் நுனியெல்லாம் கறுத்து தோல் உரிஞ்சிருக்கும். சுட்டு உடைக்கிற பழைய முறையில அந்த எண்ணெய் பாதி எரிஞ்சு புகையாப் போகும், கண்ணெரிச்சல் தெருவுக்கே. ஸ்டீம்ல வேக வச்சு கட்டர்ல உடைக்கிற முறை வந்தப்புறம் ஓடு எண்ணெயோட முழுசா கெடைச்சது. அத எக்ஸ்பெல்லர்ல போட்டு எண்ணெய் எடுக்கிறாங்க, அதுல இருந்து வர்ற கார்டனால் வண்டி பிரேக் லைனிங்குக்கும் கப்பல், படகு பெயின்டுக்கான ரெசின் ஹார்ட்னருக்கும் போகுது, ஈரத்துலயும் குளிர்லயும் இறுகுறதால அந்த ஹார்ட்னருக்கு மதிப்பு. பிழிஞ்ச புண்ணாக்கு பாய்லருக்கு. பருப்பு உடைக்கிற முறைய மாத்துனதால ஓடு சரக்காச்சு, ஓட்டுக்குன்னு தனியா யாரும் ஆராய்ச்சி பண்ணி ஆரம்பிக்கல. எண்ணெய் எடுக்காத ஓட்ட அப்படியே அடுப்புல எரிக்கிறவங்களும் இருக்காங்க, அந்தப் புகை தொண்டைய அறுக்கும், அதுலதான் இன்னும் வேலை பாக்கி இருக்கு. அப்புறம் முந்திரிப் பழம், தோப்புலயே விழுந்து அழுகுது, ஒரு நாள் கூட தாங்காது, அதுக்கு வழி கண்டுபிடிக்கிறவனுக்கு நான் மாலை போடுறேன்.

பாண்டிச்சேரியில ஆசிரமத்து ஹேண்ட்மேட் பேப்பர் யூனிட்ட போய் பாருங்க, பருத்தித் துணிக் கழிவுல பேப்பர் பண்றாங்க. அங்க முக்கியமான வேலை பல்ப் (காகிதக் கூழ்) அடிக்கிறது இல்ல, துணி பிரிக்கிறது. பாலியஸ்டர் கலந்த துணி வந்தா பல்ப் ஆகாது, நூலா சுத்திக்கிட்டு நிக்கும். திருப்பூர் பனியன் வேஸ்ட் யாவாரியும் வெள்ளைக்கு ஒரு விலை, கலருக்கு ஒரு விலைன்னுதான் சொல்லுவாரு. கலப்புத் துணி பெருகப் பெருக இந்தத் தொழிலுக்கு கஷ்டம்தான், துணிய டிசைன் பண்றவன் அந்த யாவாரிய நெனச்சுப் பாக்குறதே இல்ல.

ஸ்டார்ட்அப்னு கேட்டீங்க. ஆப் போட்டு கழிவு விக்கிறவனையும் வாங்குறவனையும் சேத்து வைக்கிறேன்னு கெளம்புனவங்க நிறைய பேர், பெரும்பாலும் ஓடல, ஏன்னா விலை பேசுறது பிரச்சனையே இல்ல, சாக்குக்குள்ள என்ன இருக்குன்னு நம்பறதுதான் பிரச்சனை. லாரிக்கு லாரி சாம்பிள் எடுத்து, டெஸ்ட் பண்ணி, "இந்த லோடு இந்தத் தரம்"னு எழுதிக் குடுத்து அதுக்கு பொறுப்பும் ஏத்துக்கிற ஆள் இந்தப் பக்கம் கொறைவு. அதுலதான் காசு இருக்குன்னு நான் நெனைக்கிறேன். ரெண்டாவது, பழுது பாக்குறது. மோட்டார் காயில் கட்டுறவர், டயர் ரீட்ரேடிங் பண்றவர் எல்லாம் உருக்குற வரைக்கும் போகாம பொருள காப்பாத்துறவங்க, உங்க சிலபஸ்ல அவங்க இருக்க மாட்டாங்க, ஆனா வட்டத்துல உள்பக்கத்து சுத்து அவங்கதான், செலவு கம்மி, சக்தியும் கம்மி. ரீசைக்கிளிங் எல்லாத்துக்கும் கடைசி சுத்து. நீங்க கேட்ட "புதுப் பேரா"ங்கிறதுக்கு இதுதான் பதில்.

பிராஜெக்டுக்கு சிப்காட்ல போய் நிக்காதீங்க, உள்ள விட மாட்டாங்க, விட்டாலும் நம்பர் குடுக்க மாட்டாங்க. பண்ருட்டியில ஒரு சின்ன முந்திரி யூனிட்ட பிடிங்க. ஒரு மூட்டை கொட்டை உள்ள போறதுல இருந்து பருப்பு, ஓடு, தோல், புகை, தண்ணி, விறகுன்னு எல்லாத்தையும் எடை போட்டு ஒரு தாள்ல எழுதுங்க, ரெண்டு பக்கமும் கூட்டி டேலி ஆகுதான்னு பாருங்க. டேலி ஆகாத இடத்துலதான் உங்களுக்கு வேலை இருக்கு. எடை மெஷின் மட்டும் நீங்களே கொண்டு போயிடுங்க. தோப்புல அறுவடை மார்ச்ல சூடு பிடிச்சு மே வரைக்கும் ஓடும், அப்ப யாருக்கும் உங்ககூட பேச நேரம் இருக்காது, அதனால பொங்கல் முடிஞ்ச கையோட ஒரு நடை போய் அறிமுகம் பண்ணிக்கிறது நல்லது.